ரூட்டைச் சுருக்கியவர்கள் ஒரு நாள் அந்தப் பேருந்தில் ஏறி வாருங்கள்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் போக்குவரத்துப் பொறுப்பாளருக்கும்,

வடக்குக் குடியிருப்புகளுக்கு ஓடிய நான்காம் எண் பேருந்தையும் ஏழாம் எண் பேருந்தையும் இந்தக் கல்வியாண்டில் ஒன்றாக்கிவிட்டீர்கள். சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை வந்தது, திங்கட்கிழமை பள்ளி திறந்துவிட்டது. சுற்றறிக்கையில் இருந்தவை புதிய ஸ்டாப்களின் பட்டியல், நேரங்கள், "நிர்வாகக் காரணங்களுக்காக" என்ற ஒரு வரி, அவ்வளவுதான். பெற்றோர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எந்த ஸ்டாப்பில் எந்த வகுப்புப் பிள்ளை நிற்கிறது, யாரால் தனியாக ரோட்டைக் கடக்க முடியும், யார் வீட்டில் மாலையில் வந்து கூட்டிப்போக ஆள் இருக்கிறது என்று விசாரித்ததாகவும் தெரியவில்லை.

நேரில் வந்து கேட்டேன். மின்னஞ்சலும் அனுப்பினேன். "மற்ற பேரண்ட்ஸ் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே மேடம்" என்பதுதான் இரண்டுக்கும் கிடைத்த பதில். அவர்கள் ஏன் சொல்லவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளை வருடம் முழுக்க உங்கள் வகுப்பறையில்தான் உட்கார வேண்டும். அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் தனித்தனியாகக் கேட்டால் தனித்தனிப் புலம்பலாகவே போய்விடுகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ரூட் போடும் வேலை எனக்குப் புதிதில்லை. ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பேருந்துகளுக்குத் தடமும் நேரமும் போடுவதுதான் என் பிழைப்பு. காலி இருக்கையோடு ஓடும் வண்டி கண்ணை எப்படி உறுத்தும் என்று எனக்குத் தெரியும். டீசல், ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, டயர் எல்லாம் ஏறிக்கொண்டேதான் போகின்றன, அதையும் மறுக்கவில்லை. இரண்டு வண்டிகளும் பாதி காலியாக ஓடும்போது ஒன்றாக்கலாமா என்று யோசிப்பதில் தப்பே இல்லை. நீங்கள் செய்தது வேறு. பிள்ளைகளின் எண்ணிக்கையை இருக்கைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டீர்கள், சின்னப் பிள்ளைகளை இருவர் இருக்கைக்கு மூவராக வைத்துப் பொருத்தினீர்கள், அதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டீர்கள். புதுத் தடத்தில் வண்டியை ஒருமுறைகூட யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. இதை ஊகமாகச் சொல்லவில்லை. உங்கள் நேர அட்டவணையே காட்டிக்கொடுக்கிறது.

அதை எடுத்துப் பாருங்கள். முதல் ஸ்டாப் 6.40, கடைசி ஸ்டாப் 7.35, பள்ளி வாசல் 7.50. மொத்தம் 26 ஸ்டாப்கள். ஏறக்குறைய எல்லா ஸ்டாப்களுக்கும் நடுவில் இரண்டே நிமிடம். இந்த நேரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. கைப்பேசி வரைபடத்தில் இரண்டு புள்ளிகளை வைத்தால் ஒரு நேரம் காட்டும். அது ஒரு கார் எங்கும் நிற்காமல் போய்ச் சேரும் நேரம். பள்ளிப் பேருந்து அப்படிப் போகாது. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். கதவு திறக்க வேண்டும். முதுகில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நிற்கும் எல்கேஜி பிள்ளைக்கு அந்த முதல் படி இடுப்பு உயரம். அதை யாராவது கைகொடுத்து ஏற்றி, இருக்கையில் உட்காரவைத்து, அப்புறம் கதவைச் சாத்தி, பின்னால் வரும் வாகனங்கள் வழிவிட்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

எங்கள் ஷிப்ட் பேருந்தில் பெரியவர்கள் ஏறுவதற்கே நிறுத்தத்துக்கு அரை நிமிடம் ஒதுக்குவோம். சின்னப் பிள்ளைகள் என்றால் ஒரு நிமிடமாவது வேண்டும். 26 ஸ்டாப்களுக்கு நிற்கும் நேரம் மட்டுமே 26 நிமிடம். உங்கள் அட்டவணையில் அந்த 26 நிமிடம் எங்கேயும் இல்லை.

இல்லாத நேரத்தை யாராவது எங்கிருந்தாவது கொண்டுவந்துதானே ஆக வேண்டும்? முதல் வாரம் முழுக்க வண்டி பிரார்த்தனை முடிந்த பிறகே வந்தது. தாமதமாக வந்தவர்கள் என்று பிள்ளைகளின் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். (பேருந்து தாமதித்ததற்கு ஆறு வயதுப் பிள்ளையின் டைரியில் குறிப்பு. இதை யார் யோசித்தார்களோ.) அடுத்த வாரம் வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. எப்படி என்று ஓட்டுநரைக் கேட்டேன். "இருபது நிமிஷம் முன்னாடியே எடுத்துடறேன்மா. யாராச்சும் ரெடியா நிக்கலைன்னா விட்டுட்டுப் போறேன். வேற வழியில்ல" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கணக்கில் விட்டுப்போனதை அவர் தன் போக்கில் சரிக்கட்டிக்கொள்கிறார். ஆனால் இன்றுவரை அந்த அட்டவணை திருத்தப்படவில்லை. காகிதத்தில் முதல் ஸ்டாப் 6.40, தெருவில் 6.20.

6.20க்கு ஏறும் பிள்ளை 7.50க்குப் பள்ளி வாசலில் இறங்குகிறது. ஒன்றரை மணி நேரம். அந்த ஸ்டாப்பில் நிற்பவர்களில் யுகேஜி படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஐந்தேகாலுக்காவது எழுந்தால்தான் முகம் கழுவி, ஏதோ கொஞ்சம் சாப்பிட்டு, ஷூ மாட்ட முடியும். பாதிப் பேர் வண்டியில் தூங்கிவிடுகிறார்கள். முதல் பாடவேளையில் பிள்ளை கவனிக்கவில்லை என்று வகுப்பாசிரியரிடமிருந்து பெற்றோருக்கு அழைப்பு வருகிறது. போக்குவரத்து அலுவலகம் போட்ட நேரத்துக்கும் வகுப்பறையில் விழும் கொட்டாவிக்கும் உள்ள தொடர்பை அந்த ஆசிரியருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாலை இன்னும் மோசம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் திருத்துவதற்கு மிகவும் சுலபமானது இதுதான். இரண்டு ரூட்களையும் சேர்த்ததில் தடம் ஒரு வளையமாக ஆகிவிட்டது. காலையில் வண்டி பழைய நான்காம் எண் பகுதியில் தொடங்கி, ஏழாம் எண் பகுதிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கு வருகிறது. மாலையில் அதே தடத்தைத் தலைகீழாக ஓட்டுகிறீர்கள். முதலில் ஏழாம் பகுதி, கடைசியில் நான்காம் பகுதி. ஆக, காலையில் முதலில் ஏறிய பிள்ளைதான் மாலையில் கடைசியாக இறங்குகிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு வேளையும் மிக நீளமான பயணம், இன்னொரு பிள்ளைக்கு இரண்டு வேளையும் மிகக் குறுகிய பயணம். நேர்க்கோட்டில் போய்த் திரும்பும் தடம் என்றால் இதைத் தவிர்க்க முடியாது, தூரத்தில் இருப்பவர் தூரத்தில்தான் இருப்பார். வளையத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது. மாலையிலும் காலை வரிசையிலேயே சுற்றினால், முதலில் ஏறியவர் முதலில் இறங்குவார். நீளமான பயணம் ஒருவருக்குக் காலையிலும் மற்றவருக்கு மாலையிலுமாகப் பகிர்ந்துவிடும். கிலோமீட்டர் மாறாது. டீசல் மாறாது. ஷிப்ட் பேருந்தில் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் தொழிலாளர்கள் வந்து சட்டையைப் பிடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சட்டையைப் பிடிக்கத் தெரியாது.

தலைகீழாக ஓட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எங்கள் ஸ்டாப் பிரதான சாலையில். காலையில் வண்டி வீட்டுப் பக்கமே நிற்கிறது. மாலையில் எதிர்த்திசையில் வருவதால் எதிர்ப்பக்கம் நிற்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவளோடு இறங்கும் பிள்ளைகளும் லாரிகள் ஓடும் சாலையைக் கடந்து வர வேண்டும். என் மாமனார் தினமும் அந்தப் பக்கம் போய் நிற்கிறார். அவருக்கே முழங்கால் வலி. ஒரு கையில் என் மகள், இன்னொரு கையில் பக்கத்து வீட்டுப் பையன், பின்னால் இரண்டு பேர் தாங்களாக வருகிறார்கள். போன ஆண்டுவரை வண்டி உள்தெருவுக்குள் வந்து திரும்பிப் போகும். அந்தத் திருப்பத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகும் என்பதால் வெட்டிவிட்டீர்கள்.

பள்ளிப் பேருந்தில் பயணம் செய்வதைவிட, அதில் ஏற வரும்போதும் இறங்கிப் போகும்போதும்தான் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அமெரிக்காவில் பேருந்தைச் சுற்றிப் பத்தடியை அபாயப் பகுதி என்றே வரையறுத்து ஓட்டுநர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். உயரமான இருக்கையில் இருக்கும் ஓட்டுநருக்கு முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் சின்னப் பிள்ளை தெரியாது. அங்கே பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் நிறுத்தப் பலகையை நீட்டினால், பொதுவாக இரு திசைகளிலும் வரும் வாகனங்கள் நின்றாக வேண்டும், அது சட்டம். நம் பேருந்து நின்றால் யாரும் நிற்பதில்லை. பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார், முந்திப் போகிறார். சட்டம் காப்பாற்றாத இடத்தில் ரூட்தான் காப்பாற்ற வேண்டும். சாலையைக் கடக்கும் அவசியமே வராதபடி ஸ்டாப் போட வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு வண்டியின் கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வீடு இருக்க வேண்டும். ஆறு நிமிடத்தை இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கவனித்தீர்களா, வளையத்தை ஒரே திசையில் ஓட்டினால் இதில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும். காலையில் வீட்டுப் பக்கம் ஏறியவர் மாலையிலும் வீட்டுப் பக்கமே இறங்குவார். மறுபக்கம் இருக்கும் சில வீடுகளுக்கு மட்டும் உள்தெருத் திருப்பம் தேவைப்படும்.

இருவர் இருக்கையில் மூன்று சின்னப் பிள்ளைகளை உட்காரவைப்பதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை இருக்கையோ அத்தனை பிள்ளைகள்தான் இருக்க வேண்டும். "சின்னவங்கதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். பிரேக் போடும்போது ஓரத்தில் இருக்கும் பிள்ளை இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழியில் விழுகிறது. இதில் அட்ஜஸ்ட் செய்ய என்ன இருக்கிறது?

இப்போது ஆக்டிங் டிரைவர் வந்த நாளுக்கு வருகிறேன். எங்கள் ஓட்டுநர் விடுப்பில் இருந்தார். மாற்று ஓட்டுநரிடம் ஸ்டாப் பட்டியல் இருந்தது, எந்த ஸ்டாப்பில் யார் இறங்க வேண்டும் என்ற பெயர்ப்பட்டியல் இல்லை. வண்டியில் ஆயாம்மாவும் இல்லை. இரண்டு வண்டிகளில் இரண்டு பேர் இருந்தார்கள், ஒன்றாக்கியபோது ஒருவரை நிறுத்திவிட்டீர்கள், இருக்கும் ஒருவரும் அன்று வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு "அங்கிள் லெஃப்ட்", "அங்கிள் இங்க இல்ல, அடுத்தது" என்று வழி சொல்லியிருக்கிறார்கள். எல்கேஜி குழந்தை ஒன்று தன் ஸ்டாப்புக்கு முந்தைய ஸ்டாப்பில் மற்றவர்களோடு சேர்ந்து இறங்கிவிட்டது. வேறொரு பிள்ளையின் தாத்தா அடையாளம் கண்டு கூட்டிவந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழந்தையின் அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது கிடைத்த பதில், "சேஃபா வந்துடுச்சு இல்ல?"

வந்துவிட்டது. வராமல் போனதும் உண்டு. ஜப்பானில் மக்கினோஹாரா என்ற ஊரில் 2022 செப்டம்பரில், மூன்று வயதுப் பெண் குழந்தை மழலையர் பள்ளிப் பேருந்துக்குள் சுமார் ஐந்து மணி நேரம் அடைபட்டு வெப்பத்தில் இறந்துபோனது. வழக்கமான ஓட்டுநர் அன்று விடுப்பு, பள்ளியின் தலைவரே வண்டியை ஓட்டி வந்தார். எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று யாரும் இருக்கைகளைப் பார்க்கவில்லை. குழந்தை வகுப்பில் இல்லை என்பதை ஆசிரியர் கவனித்தும் வீட்டுக்குத் தொலைபேசி செய்யவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் ஃபுகுவோகா மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் இதே மாதிரி இறந்திருந்தான். ஒழுங்குக்குப் பேர்போன நாட்டிலேயே இதுதான் நிலை. 2023 ஏப்ரலிலிருந்து அங்கே மழலையர் பேருந்துகளில் பாதுகாப்புக் கருவி கட்டாயம். அதில் ஒரு வகை எளிமையானது: இன்ஜினை நிறுத்தியதும் ஒலி எழும், வண்டியின் பின்பக்கம்வரை நடந்துபோய் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். நடக்கும்போது ஒவ்வொரு இருக்கையும் கண்ணில் படும்.

நம் பேருந்தில் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்று மேலே எழுதினேன். ஒன்றரை மணி நேரப் பயணம், இருக்கைக்கு மூவர், ஆயாம்மா ஒருவரோ அவரும் இல்லாமலோ, அவ்வப்போது ஆக்டிங் டிரைவர். இவை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வரக்கூடியவை. ஒரு பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கு எத்தனை மணிக்குச் செய்தி வருகிறது என்று நான் கவனித்திருக்கிறேன். மதியம்தான் வருகிறது. சில நாள் வருவதே இல்லை.

"வண்டி காண்ட்ராக்டருடையது, அவரிடம் பேசுங்கள்" என்றும் ஒரு பதில் தருகிறீர்கள். ஒப்பந்தக்காரர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கட்டணம் கட்டுவது பள்ளியின் பெயரில், ரசீதில் இருப்பது பள்ளியின் முத்திரை. 2012 ஜூலையில் சென்னையை அடுத்த சேலையூரில் உள்ள ஒரு பள்ளியின் பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாளே, அதுவும் ஒப்பந்த வண்டிதான். அதைச் சொல்லி அன்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. வண்டி உரிமையாளரோடு பள்ளி நிர்வாகியும் கைதானார். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். பொறுப்பை வாடகைக்கு விட முடியாது.

ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு விதியைப் பற்றி ஓட்டுநர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டேன். பள்ளிக்குத் தாமதமாக வந்தால் அபராதம் பிடிப்பீர்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தடத்தில் மூச்சு விட நேரம் வைக்காமல், தாமதத்துக்கு மட்டும் தண்டனை வைத்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? வேகமாக ஓட்டுவார். பிள்ளை உட்காரும் முன் வண்டியை எடுப்பார். ரயில்வே கேட் மூடும்போது நுழையப் பார்ப்பார். எங்கள் ஷிப்ட் பேருந்துகளில் ஒவ்வொரு தடத்தின் கடைசியிலும் பத்து நிமிடம் சும்மா விட்டுவைப்போம். மழைக்காலத்துக்குத் தனி அட்டவணையே உண்டு. அந்தப் பத்து நிமிடம் வீண் என்று கணக்குப் பிரிவில் வருடா வருடம் யாராவது ஒருவர் சொல்வார். பழைய மேலாளர் அவரை ஒரு நாள் காலை ஷிப்ட் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். அப்புறம் அந்தப் பேச்சு வராது.

ஓட்டிப் பார்க்காத ரூட் பெரிய அளவில் என்ன செய்யும் என்பதற்கும் சமீபத்தில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் லூயிவில் நகரை உள்ளடக்கிய ஜெஃபர்சன் கவுண்ட்டி பள்ளி நிர்வாகம், ஓட்டுநர் பற்றாக்குறையைச் சமாளிக்க ரூட்களைக் குறைத்து, மென்பொருள் நிறுவனம் ஒன்றின் உதவியோடு புதுத் தடங்கள் போட்டது. 2023 ஆகஸ்ட் 9 அன்று பள்ளி திறந்தார்கள். அன்று கடைசிப் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்தபோது இரவு பத்து மணி ஆகப்போயிருந்தது. மறுநாள் பள்ளிகளை மூடியவர்கள், ஒரு வாரத்துக்கும் மேலாகச் சரிசெய்து, பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். அவ்வளவு ஆளும் பணமும் மென்பொருளும் இருக்கும் இடத்திலேயே இது நடந்தது.

கணினியில் ரூட் போடுவதை நான் எதிர்ப்பதாக நினைத்துவிட வேண்டாம். 2017இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளுக்காக அந்நாட்டின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த கணினி முறை, சுமார் 650 பேருந்துகளில் 50ஐக் குறைத்தது. அதே ஆண்டு இறுதியில் அதே கணினியைக் கொண்டு பள்ளி தொடங்கும் நேரங்களை மாற்றப் பார்த்தார்கள், பெற்றோர் கொதித்தெழவும் திட்டத்தைக் கைவிட்டார்கள். கணக்கு இரண்டிலும் சரிதான். பிள்ளையின் வீட்டு நிலவரம் கணினிக்குத் தெரியாது, அதைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெரிய வகுப்புகளுக்கும் சின்ன வகுப்புகளுக்கும் ஒரே மணிக்கு வகுப்பு தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாற்பது நிமிடம் முன்பின்னாக வைத்தால், பக்கத்துத் தடங்களில் ஒரே வண்டி இரண்டு ட்ரிப் அடிக்கலாம். முதல் ட்ரிப்பில் பெரியவர்கள், இரண்டாவதில் சின்னவர்கள். ஒவ்வொரு ட்ரிப்பும் சிறியதாக இருக்கும், வண்டியும் நிறையும். அண்ணன் தங்கை வேறு வேறு நேரத்துக்குப் போக வேண்டியிருக்கும், அது சில வீடுகளுக்குச் சிரமம். அதனால்தான் பாஸ்டனில் நடந்ததைச் சொன்னேன். இதைக் கேட்டுச் செய்யுங்கள், சனிக்கிழமை இரவு அறிவிக்காதீர்கள். இன்னொரு வழி, யார் உண்மையில் வண்டியில் வருகிறார்கள் என்று கணக்கெடுப்பது. காலையில் அப்பாவோடு வந்து மாலையில் மட்டும் பேருந்தில் போகிறவர்கள், வாரத்தில் சில நாள் விளையாட்டுப் பயிற்சிக்கு நின்றுவிடுகிறவர்கள் என்று எல்லாரையும் இரு வேளைக்கும் எழுதிவைத்திருக்கிறீர்கள். சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் முகவரியை வைத்து ரூட் போட்டால் இப்படித்தான் ஆகும். சரியான கணக்கு கையில் இருந்தால் காலைக்கு ஒரு தடம், மாலைக்கு வேறு தடம் என்று சுருக்கமாகவே போடலாம்.

இனி, நான் கேட்பவை.

முதலாவதாக, இந்த மடலைப் படித்த ஒரு வாரத்துக்குள் நிர்வாகக் குழுவில் ஒருவரும் போக்குவரத்துப் பொறுப்பாளரும் முதல் ஸ்டாப்பில் காலை 6.20க்கு ஏறி பள்ளிவரை வாருங்கள். அன்று மாலையே கடைசி ஸ்டாப்வரை போய் இறங்குங்கள். முன்கூட்டி ஓட்டுநரிடம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டி எத்தனை நேரம் நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்பைப் பெற்றோருக்கு அனுப்புங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவை மூன்று. மாலைத் தடத்தைக் காலை வரிசையிலேயே ஓட்டுங்கள், இதை நாளையே செய்யலாம். சாலையைக் கடக்க வேண்டிய ஸ்டாப்களுக்கு வண்டியை மறுபடி உள்தெருவுக்குள் அனுப்புங்கள். நிறுத்திய ஆயாம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். அவரும் இன்னொருவரும் சேர்ந்து வந்தால் ஒருவர் வராத நாளிலும் வண்டியில் ஒரு பெரியவர் இருப்பார்.

ஸ்டாப்வாரியாகப் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும், கூட்டிச் செல்ல வருபவரின் கைப்பேசி எண்ணும் உள்ள பட்டியல் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ஆக்டிங் டிரைவர் வருவதற்கு முன் அது அவர் கையில் போக வேண்டும். அது ஓட்டுநரும் ஆயாம்மாவும் மட்டும் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் சுற்ற வேண்டாம். ஒவ்வொரு ட்ரிப் முடிந்ததும் கடைசி இருக்கைவரை நடந்து பார்த்ததாக ஆயாம்மாவும் ஓட்டுநரும் கையெழுத்திட வேண்டும். முதல் பாடவேளை முடிவதற்குள், வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அழைப்பு போக வேண்டும்.

இந்தப் பருவத்துக்குள் யார் எந்த வேளை வருகிறார்கள் என்று கணக்கெடுத்து, ஒரு பிள்ளை ஒரு வேளைக்கு அதிகபட்சம் எவ்வளவு நேரம் வண்டியில் இருக்கலாம் என்று வரம்பு வைத்து, அதற்குள் ரூட்டைப் புதிதாகப் போடுங்கள். மழலையர் வகுப்புகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து, மற்ற பெற்றோரையும் கேளுங்கள். ஒவ்வொரு தடத்திலும் பள்ளி நேரத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே அட்டவணையை வெளியிடுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து, பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வரைவு எங்கள் கைக்கு வரட்டும்.

ஒப்பந்தத்தில் தாமத அபராதம் இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் தெரிவியுங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். வண்டியின் தகுதிச் சான்று, ஓட்டுநர்களின் உரிமம், காப்பீடு ஆகியவற்றின் நகல்களைப் பெற்றோர் வந்து பார்க்கும்படி அலுவலகத்தில் வையுங்கள்.

ரூட் போடும் வேலையில் உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வந்து உட்காரத் தயார், சம்பளம் வேண்டாம். அதற்கு ஈடாக இந்தக் கோரிக்கைகளில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று இந்த மாத இறுதிக்குள் பள்ளியின் முத்திரையோடு, கையெழுத்தோடு, பேருந்தில் வரும் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்